பாவம் சுமையா, கடனா?

பாவம் என்றால் என்ன என்று கேட்டால், தேவாலயப் பிரசங்கங்களிலும் ஞாயிறுபள்ளிப் பாடங்களிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விடை ஒன்று உண்டு: குறி தவறுதல். எபிரேயத்தில் ‘ஹத்தாத்’, கிரேக்கத்தில் ‘ஹமார்த்தியா’. இரண்டும் வில்லாளியின் அம்பு இலக்கைத் தப்பிப் போவதைக் குறித்த சொற்கள், ஆகவே கடவுள் வைத்த இலக்கை மனிதன் தவறவிடுவதே பாவம் என்பது அந்த விளக்கம். எளிதில் மனதில் பதியக்கூடியது, பொய்யும் அல்ல. ஆனால் இதையே முழு விடையாக எடுத்துக்கொண்டால், அந்தப் பழைய நூல்கள் பாவத்தைப் பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போய்விடும். முக்கியமாக, பாவத்தால் அடிபட்டவர் கண்ணிலிருந்து மறைந்துபோவார். அம்பு தவறினால் நட்டம் எய்தவனோடு முடிந்துவிடும். பாவத்தில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார்.

அந்த விளக்கத்துக்கு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. நியாயாதிபதிகள் 20:16இல் பென்யமீன் குலத்தின் இடதுகைக்காரர் 700 பேர் வருகிறார்கள். மயிரிழையைக் குறிவைத்தாலும் கவண்கல் தப்பாது என்னும் அளவுக்குத் தேர்ந்தவர்கள். அங்கே ‘தப்பாது’ என்பதற்கு நிற்கும் வினைச்சொல்லும் ஹத்தாத்தும் ஒரே வேரில் பிறந்தவை. (கையில் இருப்பது கவண், வில் இல்லை.) நீதிமொழிகள் 19:2இல் அவசரக் கால் வழி தப்புவதற்கும் அதே வினைதான். ஹோமரின் ‘இலியத்’தில் வீசிய ஈட்டி ஆளைத் தப்பிப் போகும் இடங்களில் ஹமார்த்தியாவின் வினைவடிவம் வருகிறது.

இருந்தாலும் ஒரு சொல்லின் வேர் வேறு, அதைப் புழங்கியவர் மனதில் இருந்த பொருள் வேறு. ஹத்தாத்தின் வேர் அக்காதியம், உகரித்தியம், அரபு ஆகிய உறவுமொழிகளிலும் உண்டு. அங்கெல்லாம் அது பெரும்பாலும் குற்றம் செய்தல், பிழை செய்தல் என்ற பொருளிலேயே வழங்குகிறது. எபிரேய வேதம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பொருள் உறுதிப்பட்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ‘அபராதம்’ என்ற வடசொல்லின் வினைவேருக்குக் குறியைத் தப்புதல் என்ற பொருள் உண்டு. அம்பு இலக்கைத் தவறவிட்ட வில்லாளிக்கு இதே வேரிலிருந்து ஒரு பெயரையே அமரகோசம் பதிந்து வைத்திருக்கிறது. தலைக்கவசம் அணியாமல் வண்டி ஓட்டிப் போக்குவரத்துக் காவலரிடம் அபராதம் கட்டுகிறவர் எவரும் அம்பை நினைப்பதில்லை. தமிழுக்கு வந்தபின் அந்தச் சொல் தவறைக் குறித்ததோடு நிற்காமல், தவறுக்காகக் கட்டும் பணத்துக்கே பெயராகிவிட்டது. பிழையைக் குறித்த சொல் எப்படிப் பணத்தைக் குறிக்கும் சொல்லாகும்? பாவத்தின் வரலாற்றுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது.

ஏதேன் தோட்டக் கதையில் ‘பாவம்’ என்ற சொல்லே கிடையாது. விலக்கப்பட்ட கனியைத் தின்றார்கள், ஒளிந்தார்கள், வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஆசிரியர் அங்கே எழுதவில்லை. ஆதியாகமத்தில் அது முதன்முதலில் எழுதப்படுவது அடுத்த அதிகாரத்தில், தம்பியைக் கொல்லப்போகும் காயீனைக் கடவுள் எச்சரிக்கும் இடத்தில் (4:7). வாசற்படியில் படுத்துக் கிடக்கிறது, அவனைப் பிடிக்கக் காத்திருக்கிறது என்று ஓர் உயிருள்ள மிருகத்தைச் சொல்வதுபோல் பாவம் சொல்லப்படுகிறது. ‘படுத்துக் கிடக்கும்’ என்பதற்கான எபிரேயச் சொல்லை, வாசலில் பதுங்கியிருக்கும் தீய ஆவியைக் குறித்த அக்காதியச் சொல்லோடு பல அறிஞர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். வேதாகமத்தில் பாவத்துக்குக் கிடைக்கும் முதல் உருவம் இதுதான். அதற்கு அடுத்த வசனத்திலேயே ஒருவன் செத்து விழுகிறான். அவன் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது.

எபிரேயத்தில் பாவத்துக்கு ஒரு சொல் மட்டும் இல்லை. யாத்திராகமம் 34:7 மூன்றை ஒரே மூச்சில் அடுக்குகிறது: அவோன், பெஷா, ஹத்தாத். இவற்றில் ‘பெஷா’ அரசியலிலிருந்து வந்தது. ஆகாப் அரசன் இறந்தபின் மோவாப் இஸ்ரவேலுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் தொடங்குகிறதே, அங்கே வரும் வினை இதன் வினைதான். உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவன் அதை முறித்துக்கொண்டு போவது பெஷா. இதைக் கைத்தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

என்னை அதிகம் கவர்வது ‘அவோன்’. கோணுதல், வளைதல் என்பதோடு தொடர்புபடுத்தப்படும் இந்தச் சொல், செய்த தீச்செயலையும் அதனால் ஒட்டிக்கொண்ட குற்றத்தையும் அதற்கு வந்து சேரும் தண்டனையையும் சேர்த்தே குறிக்கும். தன் அவோன் தாங்கமுடியாத அளவு பெரிது என்கிறான் காயீன் (4:13). செய்த கொலையைச் சொல்கிறானா, விதிக்கப்பட்ட அலைச்சலைச் சொல்கிறானா? மொழிபெயர்ப்பாளர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பழைய தமிழ் வேதாகமம் தண்டனை என்று எழுதியது. எபிரேயம் பேசியவனுக்கு அந்தச் சங்கடம் இருந்திருக்காது, ஏனெனில் அவனுக்கு இரண்டும் ஒரே பொருள்.

தமிழர்களான நமக்கு இது விளங்குவதில் சிரமம் இல்லை. அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து ‘ஐயோ, பாவம்!’ என்கிறோம். அவர் ஒரு பாவமும் செய்யாதவர் என்று தெரிந்தே சொல்கிறோம். பிராகிருதத்தின் ‘பாவ’ என்ற வடிவத்தோடு ஒத்துவரும் இந்தச் சொல் தீச்செயலையும் குறித்தது, அதன் பலனான துன்பத்தையும் குறித்தது. பிறகு காரணத்தை விட்டுவிட்டுத் துன்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரக்கச் சொல்லாக மாறியது. ‘பார்க்கவே பாவமாக இருக்கிறது’ என்று சொல்கையில் துன்பம் அவருடையது, மனவருத்தம் நம்முடையது. செயலையும் விளைவையும் ஒரே சொல்லில் கட்டிவைக்கும் வழக்கம் எபிரேயத்துக்கும் தமிழுக்கும் தனித்தனியே வாய்த்தது. எந்த மொழி எதிலிருந்து வாங்கியது என்று தேடத் தேவையில்லை.

அவோனோடு எபிரேய வேதம் மிக அதிகமாகச் சேர்த்துச் சொல்லும் வினை ‘சுமத்தல்’. பாவம் செய்தவன் அவோனைச் சுமக்கிறான். மன்னிப்பவரும் அவோனைச் ‘சுமக்கிறார்’, அதாவது அவன் முதுகிலிருந்து தூக்கி எடுத்துவிடுகிறார். குற்றவாளிக்கும் மன்னிப்பவருக்கும் ஒரே தொடர்! வேதாகம அறிஞர் கேரி ஆண்டர்சன் 2009இல் வெளியிட்ட பாவத்தின் வரலாறு பற்றிய நூலில் இதிலிருந்துதான் தொடங்குகிறார். பழைய இஸ்ரவேலருக்குப் பாவம் ஒரு பாரம், எடை உள்ள பொருள். செய்த கணத்தில் அது உண்டாகிவிடுகிறது. யாராவது அதை எங்காவது கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். லேவியராகமம் 16இன் சடங்கு இதன்படியே நடக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடப்படுகிறது. ஒன்று பலி. மற்றொன்றின் தலைமேல் பிரதான ஆசாரியன் இரு கைகளையும் வைத்து இஸ்ரவேலின் மூன்றுவகைக் குற்றங்களையும் வாய்விட்டு அறிக்கையிடுகிறான். ஆடு அவற்றைச் சுமந்துகொண்டு ஆளில்லாத நிலத்துக்கு ஓட்டிவிடப்படுகிறது. அந்த ஆடு தண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு சுமைதூக்கி, அவ்வளவுதான்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பால் ரிக்கர் 1960இல் தீமையின் குறியீடுகளைப் பற்றி எழுதியபோது, மனிதன் தன் தீமையை நேராகச் சொல்ல வழியின்றி உருவகத்தாலேயே ஒப்புக்கொள்கிறான் என்றார். அவற்றில் மிகப் பழையது கறை என்பது அவர் கருத்து. லேவியராகம உரையாசிரியர் ஜேக்கப் மில்க்ரோம், பாவநிவாரண பலியின் இரத்தம் மனிதனைவிட ஆலயத்தையே கழுவியது, மக்கள் செய்த தீமை காற்றில் வருவதுபோல் வந்து சன்னிதியில் படிந்தது என்று காட்டினார். தமிழின் பழைய சொல்லும் கறையைத்தான் நினைக்கிறது. கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூறு 34ஆம் பாட்டில் தீச்செயலுக்கு ‘வழுவாய்’ என்றும், அதற்கு மாற்றாக ‘கழுவாய்’ என்றும் சொற்கள் வருகின்றன. வழுக்கி விழுவது ஒன்று, கழுவிப் போக்குவது மற்றொன்று. கொடிய தீமைகள் சிலவற்றைச் சொல்லி, அவற்றுக்கும் கழுவாய் உண்டு என்ற பின், நன்றி மறந்தவருக்கு மட்டும் தப்ப வழியில்லை என்று அந்தப் பாட்டு முடிவுகட்டுகிறது. பட்ட நன்றியை நாம் ‘நன்றிக்கடன்’ என்கிறோம். கறையைக் கழுவலாம், கடனைக் கழுவ முடியாது, தீர்க்கத்தான் வேண்டும் என்று நான் அதை வாசிக்கிறேன்.

பாவத்தின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பமும் கடன்தான். யூதர்கள் பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிறகு பாரசீக ஆட்சியில் வாழ்ந்தபோது அன்றாடப் பேச்சும் அரசு எழுத்தும் அரமேயமாக மாறின. அரமேயத்தில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும் பொது. எபிரேய வேதத்தை அரமேயத்தில் பெயர்த்தவர்கள் ‘அவோனைச் சுமந்தான்’ என்று வந்த இடத்தில் ‘கடன்பட்டான்’ என்றும், ‘அவோனைத் தூக்கினார்’ என்ற இடத்தில் ‘கடனைத் தள்ளிவிட்டார்’ என்றும் எழுதினார்கள். மூட்டையைத் தூக்கிச் சென்றவன் கடன்காரனாகிவிட்டான்.

உருவகம் மாறியபோது மனிதர் செய்ய வேண்டியதும் மாறியது. மூட்டையை ஆட்டின்மேல் ஏற்றி அனுப்பலாம், கடனுக்கு அது உதவாது. தானியேல் 4ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் அரசனுக்குத் தானியேல் தரும் ஆலோசனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது: ஏழைகளுக்கு இரங்கித் தர்மம் செய்து உன் பாவங்களை மீட்டுக்கொள். அந்தப் பகுதி அரமேயத்திலேயே எழுதப்பட்டது. ‘மீட்டல்’ என்பது அடகையும் அடிமையையும் மீட்பதற்கான சொல். தர்மத்தைக் குறிக்கும் அங்குள்ள சொல்லின் உறவுதான் அரபியின் ‘சதக்கா’, தமிழ் முஸ்லிம்கள் இன்றும் ஏழைக்குக் கொடுப்பதற்குச் சொல்லும் அதே சதக்கா. ஏழைக்கு இரங்குகிறவன் கடவுளுக்கே கடன் கொடுக்கிறான் என்ற கருத்து நீதிமொழிகள் 19:17இல் முன்பே இருந்தது. இப்போது அது பாவமன்னிப்புக்கு வழியாகிவிட்டது. ஏழையின் கை கடவுளின் கருவூலத்துக்கு வாசலாயிற்று. மனிதகுலம் கண்டுபிடித்த உன்னதமான கருத்துகளில் இதுவும் ஒன்று என்று நான் நம்புகிறேன். பலிபீடம் இல்லாத ஊரிலும், தெருவில் பசித்தவன் ஒருவன் இருந்தால் போதும், தீர்க்க வழி உண்டு.

இயேசு பேசியது அரமேயம். அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை மத்தேயு ‘கடன்கள்’ என்றே கிரேக்கத்தில் எழுதுகிறார் (6:12). லூக்கா கிரேக்க வாசகர்களை நினைத்து முதல் பாதியில் ‘பாவங்கள்’ என்று மாற்றுகிறார், ஆனால் அதே வசனத்தின் இரண்டாம் பாதியில் ‘நமக்குக் கடன்பட்டவர்’ என்பதை அப்படியே விட்டுவிடுகிறார் (11:4). மூலத்தில் ஹோபா இருந்ததற்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. மத்தேயு 18இல் வரும் உவமையில் ஒருவன் அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. அது தள்ளுபடியாகி வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவனின் குரல்வளையைப் பிடிக்கிறான். பாவம் கடன் என்பதை மறந்து வாசித்தால் இந்த உவமைக்கும் அந்த ஜெபத்துக்கும் உள்ள தொடர்பு தெரியாது. பழைய தமிழ் வேதாகமம் மத்தேயுவில் ‘கடன்’ என்பதைக் காப்பாற்றியது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘குற்றம்’ என்று எழுதுகிறது. பொருள் புரிவதற்காகச் செய்த மாற்றம்தான், ஆனாலும் இழப்பு பெரிது. குற்றத்தைத் தனியாகவே செய்துவிடலாம். கடன் என்று சொன்னவுடன் ‘யாருக்கு?’ என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

கடன் உருவகத்தின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. கணக்கு இருந்தால் கணக்கை நடத்துபவரும் வந்துவிடுவார். புனிதர்களின் மிகைப் புண்ணியம் திருச்சபையின் கருவூலத்தில் இருக்கிறது என்று 1343இல் போப் ஆறாம் கிளெமென்ட் அறிவித்தார். அந்தக் கருவூலத்திலிருந்து பலன் வழங்கும் சீட்டுகள் விற்பனைப் பொருளானதைத்தான் 1517இல் லூத்தர் எதிர்த்தார். நம் பக்கத்திலும் சித்திரகுப்தன் கணக்கெழுதுகிறார், காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. வேதப் பாடல்களில் வருணனிடம் மன்றாடுபவர்கள் தங்கள் தவற்றை ‘ருணம்’, அதாவது கடன், என்றும் சொல்லியிருக்கிறார்கள். கடவுளோடு பேரம் பேசும் ஆசை எந்த ஒரு மதத்துக்கும் உரிய நோய் அல்ல. அதற்காக உருவகத்தையே தூக்கிப்போட்டால், பாதிக்கப்பட்டவருக்கு நாம் தரவேண்டியது ஒன்று இருக்கிறது என்ற உணர்வும் கூடவே போய்விடும்.

கிரேக்கத்தின் கதை வேறு. அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக ஹமார்த்தியாவைச் சொன்னபோது பாவத்தைச் சொல்லவில்லை. ஈடிப்பஸ் தந்தையென அறியாமல் தந்தையைக் கொன்றதுபோன்ற பெரும் பிழையைச் சொன்னார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் ஹத்தாத்துக்கு இணையாக இந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள். அதன்பின் அது பிழை என்ற அளவில் நிற்கவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பாவம் ஓர் ஆளாகிவிடுகிறது: உலகில் நுழைகிறது, அரசாள்கிறது, அடிமை கொள்கிறது, போர்வீரனுக்குப் படி அளப்பதுபோல் சம்பளமும் கொடுக்கிறது. அந்தச் சம்பளம் மரணம். காயீனின் வாசலில் படுத்திருந்தது எழுந்து சிம்மாசனம் ஏறிவிட்டது. திருக்குறளும் பொறாமையையும் வறுமையையும் ‘பாவி’ என்று ஆளாக்கிப் பேசுகிறது. தீமை நமக்குள்ளிருந்து வந்தாலும் வெளியே நின்று நம்மை ஆட்டுவதாக உணர்வது எங்கும் உள்ள அனுபவம்.

ரோமர் 5:12இன் கிரேக்கத்தை இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் ‘எல்லாரும் பாவம் செய்தபடியால்’ என்ற பொருளில் வாசிக்கிறார்கள். இறையியலாளர் அகஸ்டின் கையில் இருந்த லத்தீன் பெயர்ப்பை ‘அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று, அதாவது ஆதாமுக்குள் என்று, வாசிக்க இடமிருந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பிறப்புவழிப் பாவத்துக்குப் பெயர் சூட்டி, பின்னாளில் அதைக் கோட்பாடாக வளர்த்தபோது இந்த வாசிப்பு அவருக்குத் தூணாக நின்றது. கிரேக்கத்திலேயே வாசித்த கீழைத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவே தவிர அவன் குற்றம் அன்று என்ற நிலையில் இருந்தன. தமிழில் கத்தோலிக்கர் இதைச் ‘சென்மப் பாவம்’ என்றார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்று 1580லேயே தமிழில் அச்சாகிவிட்டது. அந்த அளவுக்குப் பழைய மரபு இது. ஆனால் சென்மம் என்றதும் தமிழ்க் காது முற்பிறவியைத்தான் கேட்கும்: போன சென்மத்தில் நானே செய்தது. ஆதாமின் குற்றம் என் கணக்கில் ஏறியது என்பதும், என் குற்றமே திரும்பி வந்தது என்பதும் நேர் எதிர்க் கருத்துகள். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி மறுபிறவியை மறுத்து ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று ஒரு நூலே எழுத நேர்ந்ததை இந்தப் பின்னணியில் பார்க்கலாம்.

ஆங்கிலத்தின் ‘சின்’ என்ற சொல்லும் வில்வித்தையிலிருந்து வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. ஜெர்மன் மொழியின் ‘ஸுண்டே’ இதன் உடன்பிறப்பு. மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்துப்படி இரண்டும் ‘இருத்தல்’ என்னும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்தவை. ‘குற்றவாளி’ எனப் பொருள்படும் லத்தீனின் ‘சோன்ஸ்’ அதே வேர். நம் ‘சத்தியம்’ என்பதற்குத் தாயான ‘சத்’ என்பதும் அதே வேர்தான். உள்ளது, உண்மையானது என்பதிலிருந்து பாவம் எப்படிப் பிறக்கும்? மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் இதற்கு விடையை இன்றைய துருக்கியின் மண்ணில், ஹிட்டைட் களிமண் ஏடுகளில் கண்டார். குற்றம் சாட்டப்பட்டவன் ஒப்புக்கொள்ளும்போது சொல்லும் சூத்திரம் ஒன்று அங்கே உண்டு: அது அப்படியே இருக்கிறது, செய்தது நான்தான். ‘இருக்கிறது’ என்று சொன்னவனே குற்றவாளி. அப்படியானால் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது தவறிய அம்பு அல்ல, ஒப்புதல் வாக்குமூலம்.

அந்தச் சூத்திரம் வரும் ஏடுகளில் முக்கியமானவை, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அரசன் இரண்டாம் முர்சிலி செய்த கொள்ளைநோய் மன்றாட்டுகள். ஹிட்டைட் நாட்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடிய அரசனுக்குப் பழைய ஏடுகள் கிடைத்தன. ஒன்று, கைவிடப்பட்ட ஓர் ஆற்றுச் சடங்கைச் சொன்னது. மற்றொன்று, அவன் தந்தை சுப்பிலுலியுமா எகிப்தோடு இருந்த எல்லை உடன்படிக்கையை மீறிப் படை அனுப்பியதைச் சொன்னது. அந்தப் போரில் பிடிபட்ட கைதிகளோடுதான் நோய் நாட்டுக்குள் வந்திருந்தது. முர்சிலி புயல்தெய்வத்தின்முன் நின்று, செய்தது தந்தை என்பதால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. தந்தையின் பாவம் மகனுக்கு வருகிறது என்று ஏற்று, அது உண்மை, நாங்கள் செய்தோம் என்கிறான். தவறு செய்த பணியாள் எசமானிடம் ஒப்புக்கொண்டால் எசமானின் மனம் ஆறுவது வழக்கம்தானே என்று வாதாடுகிறான். இத்தனை சாவுகளால் ஹிட்டைட் நாடு இருபது மடங்கு ஈடு கட்டிவிட்டது என்றும் கணக்குக் காட்டுகிறான். ஒப்புக்கொண்டதையும் ஈடு கட்டியதையும் முன்வைத்துத்தான் நோயை நிறுத்தும்படி கேட்கிறான்.